பின்பாரம்

ராத்திரி ஒரு மணி இருக்கும். விளக்கில்லாத நெடுஞ்சாலை. இரண்டு பக்கமும் வெறும் பொட்டல். எதிரே ஒரு வண்டி இல்லை... பின்னாலும் இல்லை. அதில் தன்னந்தனியாக ஒரு சின்ன வேன் போய்க்கொண்டிருக்கிறது. ஓட்டுகிறவர் என்கூட வேலை பார்ப்பவனின் மச்சான். ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அவரே தன் வாயால் சொன்னது இது, அதனால் நடுவில் யாரும் சிரிக்க வேண்டாம். அந்த ஜன்னலை மட்டும் யாராவது சாத்துங்கள்.

பக்கத்து சீட்டில் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே நாய்க்குட்டி. எங்கேயோ கண்காணாத ஊருக்குப் போய், மகளுக்காக வாங்கிக்கொண்டு வருகிறார். ஒரே பிள்ளை. வீட்டிலிருந்த கிழட்டு நாய் காணாமல் போன நாளிலிருந்து அவள் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "சாப்பிட்டியாம்மா" என்றால் குனிந்த தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். மனிதருக்கு அது தாங்கவில்லை. இந்தக் குட்டியைப் பார்த்தாவது பழையபடி பேசிவிட மாட்டாளா என்று ஏங்கிக்கொண்டு வருகிறார்.

காணாமல் போனது என்பது அவர் வீட்டில் சொன்ன கதை. நடந்தது வேறு. அந்த நாய்க்குக் கண் மங்கிவிட்டது. ராத்திரி முழுக்க இருமும். லொக்... லொக்... இவருக்குத் தூக்கம் கெட்டது. ஒருநாள் அதைச் சாக்கில் போட்டு, வழி தெரியக் கூடாது என்று சாக்கின் வாயைக் கட்டி, இதே சாலையில் ஒரு சின்னப் பாலத்துக்குப் பக்கத்தில் அவிழ்த்துவிட்டு வண்டியை எடுத்துவிட்டார். பின்னாலேயே ஓடி வந்ததாம். கண்ணாடியில் பார்த்தாராம். பார்த்துவிட்டு இன்னும் அழுத்தி மிதித்தாராம். மகளிடம், "கட்டு அவுந்து எங்கயோ ஓடிடுச்சும்மா." நன்றி கெட்டவனை நாயே என்று திட்டுகிறோம், பாவம், நாய்க்குத்தான் அவமானம். எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காது, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

குட்டியைக் கொடுத்த அம்மாள் கூடவே ஒரு துணியும் கொடுத்திருந்தாள். தாய் நாயின் மேல் தேய்த்த துணி. "முதல் ராத்திரி எந்த வாசனையில தூங்குதோ, அதைத்தான் குட்டி தன்னோடதுன்னு நெனைக்கும். இதை மாத்திடாதீங்க சார்." யார் சொல் பேச்சை இவர் கேட்டிருக்கிறார்? குட்டி அதில் மூத்திரம் போனதும், நாற்றம் என்று ஜன்னல் வழியே வீசிவிட்டார்.

உடனே குட்டி கத்த ஆரம்பித்தது. வீல் வீல் என்று... காது கிழிந்துவிடும் போல. பாட்டை வைத்துப் பார்த்தார். தடவிக் கொடுத்துப் பார்த்தார். அடங்குகிற வழியாக இல்லை. கடைசியில் வண்டியை ஓரம்கட்டிவிட்டுப் பின்னால் போய், டூல் பாக்ஸுக்கு அடியில் கிடந்த சாக்கை உருவிக்கொண்டு வந்து பெட்டிக்குள் திணித்தார்.

எந்தச் சாக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வேனில் இருந்தது அது ஒன்றுதான்.

சட்டென்று அமைதி. குட்டி மூக்கைச் சாக்குக்குள் புதைத்தது. அப்புறம்... தப்... தப்... தப்... வாலை அட்டையில் அடிக்கிற சத்தம். வேண்டியவர் யாரோ வந்துவிட்ட மாதிரி.

பாலம் வந்தது. மெக்கானிக் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. குட்டிதான் பெட்டி விளிம்பில் முன்னங்காலைப் போட்டு எழுந்து நின்று, வெளியே பார்த்தது.

அப்போதுதான் வேனின் பின்பக்கம் இறங்கியது.

டபுள் டோர் ஃப்ரிட்ஜை ஏற்றினால் இறங்குமே, அப்படி. அவருக்குத் தொழிலே அதுதான், பின்பாரம் தெரியாதா? ஸ்டியரிங் லேசாகிவிட்டது. முன்சக்கரம் மிதக்கிறது. சின்ன மேட்டுக்கே என்ஜின் திணறுகிறது. பின்னால் இருப்பதோ ஒரு காலி சிலிண்டரும் அந்த டூல் பாக்ஸும்தான். இறங்கிப் பார்த்தாரா என்று கேட்காதீர்கள். நீங்களாக இருந்தால் பார்ப்பீர்களா?

கொஞ்ச நேரத்தில் வாசனை வந்தது. ஈர முடி. அதோடு டீசல். அதற்கும் அடியில்... பழைய ரத்தம். அப்புறம் அவர் தலைக்குப் பின்னால், கழுத்தில் மூச்சுச் சூடு படுகிற தூரத்தில்...

லொக்.

வீடு வந்து சேரும்வரை அவர் திரும்பவில்லை. கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். சட்டை முழுக்க வியர்வை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் பின்பக்கம் மெல்ல மேலே எழுந்தது. ஏறினது இறங்கிவிட்டது. அவர் குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்கு இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடினார். பிள்ளை ஒரு தடவை சிரித்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் மனப்பிராந்தி என்று தள்ளிவிடலாம் என நினைத்தார்.

பெல் அடிக்கும் முன்பே கதவு திறந்தது. மகள். தூக்கக் கலக்கமே இல்லாத முகம். இரண்டு கையையும் நீட்டிக் குட்டியை வாங்கிக்கொண்டாள். அது அவள் காதை நக்கியது. நக்கிக்கொண்டே இருந்தது. அவளும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள்...

"பிடிச்சிருக்காம்மா?"

எத்தனையோ நாளைக்கு அப்புறம் அவள் அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அப்பா, அந்தப் பாலத்துக்கிட்ட ஒவ்வொரு வண்டி வரும்போதும் அது எழுந்து எழுந்து போச்சாமே."

அவர் படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"கண்ணு தெரியாதுல்ல. கடைசியா வந்த லாரியையும் நீங்கதான்னு நெனச்சுதாம்."

சொல்லிவிட்டுக் குட்டியோடு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது... அவர் வெளியே. தட்டினார். "கண்ணு... அப்பாதான்டா... கதவைத் திறம்மா." படிக்கட்டு விளக்கு அணைந்தது.

கீழே, முதல் படியில் நகம் உரசியது. கொஞ்சம் பொறுத்து, இரண்டாவது படியில். அதற்கு அவசரமே இல்லை.