பொறி நுழையாத வீடு

கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயில் சருகு அடைத்துக்கொண்டால், மழை வந்து ஒழுகும்வரை யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் அப்படியில்லை ஐயா. ஞாயிறு தவறாமல் ஏணி போட்டு ஏறி, கையை விட்டு அள்ளிவிடுவேன். எங்கள் தெரு காட்டோரம். காட்டுத்தீ சமயத்தில் வீட்டைக் கொளுத்துவது காற்றில் பறந்து வந்து சருகில் விழுகிற பொறிதான். நீங்கள் தீயணைப்புத் துறைக்காரர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சுவரையொட்டி இருந்த செடிகளைப் பிடுங்கிவிட்டு ஜல்லி கொட்டினேன். காற்றுத் துவாரங்களில் நெருக்கமான கம்பிவலை அடித்தேன். மரக்கதவைக் கழற்றி இரும்புக் கதவு வைத்தேன். கூரைமேல் சாய்ந்திருந்த மரத்தை வெட்டியபோது என் மனைவி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது அவள் நட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணன் வீடு. குளிருக்கு எரிக்கிற விறகைப் பின்சுவரிலேயே சாய்த்து அடுக்கியிருந்தான். தள்ளி வை என்று கரடியாய்க் கத்தினேன்.

"போடா, தீ உன்கிட்ட அட்ரஸ் கேட்டுட்டா வரப்போகுது?" என்பான்.

"இவரு வீட்டுக்குப் பயந்து தீயே சுத்திக்கிட்டுப் போயிடும்" என்பாள் அண்ணி.

எனக்கு 'ஃபயர் சர்வீஸ்' என்று பட்டப்பெயரும் வைத்தான். அது தெரு முழுக்கப் பரவியது. "என்ன ஃபயர் சர்வீஸ், இந்த வருஷமாவது வருமா?" என்று காய்கறிக்கடைக்காரர்கூடக் கேட்டார்.

கோடை வந்தது, போனது. அடுத்ததும் அப்படியே. தீ வரவேயில்லை. இவ்வளவும் செய்து வைத்தவனுக்கு அது எவ்வளவு பெரிய அவமானம் என்று உங்களுக்குப் புரியுமோ என்னவோ. எனக்கு மனசே ஆறவில்லை.

அள்ளிய சருகை எங்கே கொட்டினேன் என்று கேட்டீர்கள். வேலிக்கு அந்தப் பக்கம்தான், அவன் விறகையொட்டி. குவியல் இடுப்பளவு வளர்ந்தும் அவன் கண்டுகொள்ளவில்லை. கடைசிவரை அவனுக்கு வாய்ப்புக் கொடுத்தேன்.

அன்று காற்று அவன் வீட்டிலிருந்து என் வீட்டுப் பக்கம் வீசியது. அதற்காகத்தான் காத்திருந்தேன். எதிர்ப்பக்கம் வீசியிருந்தால் அவன் வீடு மட்டும் போயிருக்கும், அது நியாயமில்லை. காலையிலேயே மனைவியை அவள் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். ஒரு தீக்குச்சி போதுமாக இருந்தது.

வேலியும் பற்றிக்கொண்டது, தெருவோர மரங்களும் பற்றிக்கொண்டன. அண்ணன் அண்ணியைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக என் வாசலுக்குத்தான் ஓடிவந்தான். அந்தத் தெருவில் நிற்கப்போவது என் வீடு ஒன்றுதான் என்று அவனுக்கும் தெரிந்திருந்தது.

"கதவைத் திறடா. நீ சொன்னதுதான்டா சரி. தம்பி, திறடா."

இத்தனை வருஷத்தில் முதல்முறையாகச் சொன்னான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் கதவைத் திறந்தால் பொறி உள்ளே வந்துவிடும். எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்றும் உள்ளே நின்றபடி பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவன் காதில் விழுந்ததா தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் தட்டுவது நின்றுவிட்டது.

நீங்களே போய்ப் பாருங்கள் ஐயா. உள்ளே ஒரு திரைச்சீலைகூடக் கருகவில்லை. கதவின் வெளிப்பக்கம் மட்டும், அவன் கை பட்ட இடத்தில், பெயிண்ட் உரிந்திருக்கிறது. என்னை விட்டதும் அதைச் சரிசெய்துவிடுவேன்.