ஊமைக்கோட்டான் கேட்ட விலை

மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வைக்கிறேன், தம்பி. உங்கள் காகிதங்கள் பறக்கின்றன. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆட்டம். இப்படி வந்து உட்காருங்கள்.

ஒரே வீட்டு இணைய இணைப்பிலிருந்து இரண்டு கணக்குகள் ஒன்றுக்கொன்று எதிராக ஏலம் கேட்டிருக்கின்றன. அதில் ஒரு கணக்குக்காரர் காலமாகி மாதக்கணக்காகிவிட்டது, ஆனாலும் கேட்டுக்கொண்டிருக்கிறார். இதை விசாரித்துவரத்தான் உங்கள் கம்பெனி உங்களை அனுப்பியிருக்கிறது. விலையை ஏற்றிவிட நடந்த தில்லுமுல்லு என்று நினைத்திருப்பீர்கள். அப்படி நினைப்பதில் தப்பில்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கப்பலில் வந்திறங்கும் சரக்கில் எவ்வளவு சேதம் என்று பார்த்து மதிப்புப் போடுவது அவர் வேலை. ஈரம் எங்கே ஏறியிருக்கிறது, துரு எப்போது பிடித்தது என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண்ணுக்கு வேலையில்லாமல் போயிற்று. அதனால் பழைய காமிக்ஸ் புத்தகங்கள் மேல் அதைத் திருப்பினார். முதுகில் விழுந்த மடிப்பு, ஊக்கில் ஏறிய துரு, மங்கிப்போன மஞ்சள், எல்லாம் அவருக்குத் தெரிந்தது. எதிரே உட்கார்ந்திருந்த நான் மட்டும் தெரியவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. என் மேல் சேதாரம் எதுவும் இல்லையே, பார்ப்பதற்கு என்ன இருக்கிறது.

உள்ளே ஒரு அறையை அதற்கென்றே ஒதுக்கினார். சாயம் மங்கக்கூடாது என்று தடித்த திரை. காற்றின் ஈரத்தை உறிஞ்ச ஒரு இயந்திரம், இரவும் பகலும் தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்கும். இப்போதும் ஓடுகிறது. கேட்கிறதா? நான் அணைக்கவில்லை.

ஒருநாள் நெஞ்சு வலித்தது. டாக்டர் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை எழுதிக் கொடுத்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "படபடப்பே ஆகக்கூடாதும்மா. டிவியில மேட்ச்கூட பாக்க விடாதீங்க" என்றார். மேட்ச் பார்க்கிற மனிதரா இவர்? ஏலம் ஒன்றுதான். அதை நிறுத்துங்கள் என்றால் கேட்பாரா? ஆகவே நான் வேறு வழி பார்த்தேன். எதிரே ஒரு ஆள் விடாமல் விலையை ஏற்றினால் கை கடிக்கும், தானாகவே பின்வாங்குவார். அப்படி நினைத்துத்தான் என் பெயரில் கணக்குத் தொடங்கினேன். நல்ல எண்ணம்தானே?

கல்யாணமான புதிதில் நான் அதிகம் பேசமாட்டேன். "சரியான ஊமைக்கோட்டான் எனக்குன்னு வாய்ச்சிருக்கு" என்று தன் தங்கையிடம் சொல்லிச் சிரித்தார். அந்தப் பெயரையே கணக்குக்கு வைத்தேன். பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார் என்று ஒரு பயம் இருந்தது. பயம் என்று சொல்வதா, ஆசை என்று சொல்வதா தெரியவில்லை. அவர் கண்டுபிடிக்கவில்லை.

முதல் ஏலத்தில் நான் ஜெயித்தே விட்டேன். என்ன ஆகுமோ என்று அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். அவர் எழுந்து வந்தார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். கண்ணில் ஒரு வெளிச்சம்.

"யாரோ ஊமைக்கோட்டானாம். பேரப் பாரு. ஆனா மனுஷன் கெட்டிக்காரன். நான் எங்க தயங்குறேன்னு பாத்து அங்கயே அடிக்கிறான்."

"ஆளு எப்படி இருப்பான்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"கல்யாணம் ஆகாதவனா இருக்கணும். இவ்வளவு பொறுமை குடும்பஸ்தனுக்கு ஏது?"

நான் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன். அன்று அவர் பேசிக்கொண்டே சாப்பிட்டார். எங்கள் வீட்டில் எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் பேச்சு கேட்டது. வலி வந்த மனிதர் மாதிரியே இல்லை. இந்த மருந்தை எப்படி நிறுத்துவது, தம்பி?

ஏலம் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். உள்ளே போன பிறகுதான் ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு குணம் என்று தெரிந்தது. எல்லாப் பொருளும் விற்கிற அந்தப் பெரிய சந்தையில் முடியும் நேரம் முன்கூட்டியே குறித்தது. நாள் முழுக்க ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். கடைசி நொடியில் பருந்து மாதிரி யாராவது வந்து கொத்திக்கொண்டு போவார்கள். அதில் திறமை உண்டு, உறவு இல்லை. வழவழப்பான விலைப்பட்டியல் அச்சடிக்கிற அந்தப் பழைய நிறுவனத்தில் மூடிய ஏலம். ஆளுக்கு ஒரே ஒரு விலை, மற்றவர் என்ன சொன்னார் என்று கடைசிவரை தெரியாது. சேர்ந்து வாழ்ந்துகொண்டே பேசாமல் இருப்பது போலத்தான் அது. எனக்கு அது புதிதல்ல என்பதால் பிடிக்கவில்லை. இன்னொரு இடத்தில் விலை மேலிருந்து கீழே இறங்கும், முதலில் கை தூக்குகிறவருக்குப் பொருள். அங்கே ஒரே ஒரு சொல்தான், அதோடு முடிந்தது.

உங்கள் கம்பெனிதான் வித்தியாசம். காமிக்ஸ் மட்டும். முடியும் நேரத்தில் யாராவது விலை கேட்டால் கடிகாரம் மறுபடி மூன்று நிமிஷம் நீளும். எதிராளி பதில் சொன்னால் இன்னொரு மூன்று நிமிஷம். ஒருவர் ஓயும்வரை அது ஓயாது. கடைசி நொடியில் திருட முடியாதபடி நியாயத்துக்காகச் செய்த ஏற்பாடு என்று உங்கள் விதிமுறையில் போட்டிருக்கிறது. நான் படித்தேன். அருமையான ஏற்பாடு. எத்தனை நேரம் வேண்டுமானாலும் அவரும் நானும் மட்டும் இருக்கலாம். அவர் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல. அவர் நூறு, ஆயிரம் என்று முழுசாகக் கேட்காமல் விசித்திரமான ஒரு எண்ணில் கேட்பார், நானும் அதே மாதிரி ஒன்றில் பதில் கொடுப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் சிரிப்பது கேட்கும்.

"மத்த இடமெல்லாம் எதுக்கு? அந்தக் காமிக்ஸ் கம்பெனியிலயே பாருங்களேன். நம்பகமா இருக்கு" என்று அவரிடம் சொன்னது நான்தான். எந்த முறையில் படபடப்பு அதிகம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு அந்தப் பதினொன்றாம் இதழ் ஏலத்துக்கு வந்தது. 'ஆழ்கடல் காவலன்'. அட்டையில் நீலக் கடல் தவறுதலாகச் சிவப்பாக அச்சாகிவிட்டது. தெரிந்ததும் அச்சிட்டதையெல்லாம் அழித்துவிட்டார்கள். தப்பிய பிரதிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவருடைய வரிசையில் அந்த ஒரு இடம் மட்டும்தான் காலி.

ஏலத்துக்கு முதல் நாள் அவர் சட்டைப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றார்.

"இது கெடச்சதும் கணக்க மூடிரலாம்னு இருக்கேன். டாக்டர் சொல்றதும் சரிதான்."

"ஏங்க, இவ்வளவு ஆசையா இருந்தீங்களே."

"வரிசை முடிஞ்சா முடிஞ்சதுதானே. அந்த ஊமைக்கோட்டான்கிட்டதான் ஒருதடவை நேர்ல பேசணும்போல இருக்கு. அவன மாதிரி ஒருத்தன் பக்கத்துல இருந்திருந்தா இந்த வயசு இவ்வளவு நீளமாத் தெரிஞ்சிருக்காது."

"நான் இருக்கேனே" என்றேன்.

"நீ இருக்கே. இல்லன்னா சொன்னேன்? நாம பேச என்ன இருக்கு, சொல்லு."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வார்களே, அந்த மாதிரி. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சட்டையைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் அறையைத் துடைத்தேன். மேசை இழுப்பறையில் அந்த மாத்திரை அட்டை இருந்தது. அதை எடுத்துவந்து அடுப்படி அலமாரியில் வைத்தேன். கெட்ட எண்ணம் ஏதுமில்லை. தேவைப்பட்டால் என்னைக் கூப்பிடட்டும் என்றுதான். இந்த வீட்டில் அவர் என்னைக் கூப்பிட்டு நெடுநாள் ஆகியிருந்தது.

ஏலம் பிற்பகலில் முடிய வேண்டியது. மற்றவர்கள் ஒவ்வொருவராக உதிர்ந்தார்கள். கடைசியில் நாங்கள் இருவர். அவர் உள்ளே, நான் அடுப்படியில் கைப்பேசியோடு. அவர் கேட்டார், நான் கேட்டேன். கடிகாரம் நீண்டது. மறுபடி நீண்டது. வெயில் ஜன்னலிலிருந்து தரைக்கு இறங்கி, தரையிலிருந்து எதிர்ச் சுவரில் ஏறியது. எங்கள் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நாங்கள் சேர்ந்து இருந்ததில்லை.

அவர் ஜெயித்தால் எல்லாம் முடிந்துவிடும். நான் ஜெயித்தால் அவர் தொடர்ந்து தேடுவார். இரண்டில் எது அவருக்கு நல்லது என்று யோசித்துத்தான் ஒவ்வொரு தடவையும் அழுத்தினேன்.

அப்போது கூப்பிட்டார். "இந்தா... கொஞ்சம் வா."

கடிகாரத்தில் ஒரு நிமிஷம்கூட இல்லை. அழுத்தினேன். உடனே அவரிடமிருந்து பதில் விலை வந்தது. கை அசைகிறவருக்கு என்ன அவசரம் என்று நினைத்தேன். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

"மாத்திரையக் காணோம்... எங்க வச்ச?"

மூச்சு இரைப்பது தெரிந்தது. மாத்திரை என் தோளுக்கு நேராக அலமாரியில் இருந்தது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். மற்ற கையால் அழுத்தினேன். ஏனென்றால் நான் ஓய்ந்தால் ஊமைக்கோட்டான் அவரைக் கைவிட்டதாக ஆகும். பதில் விலை வந்தது, இந்தத் தடவை கொஞ்சம் தாமதமாக. அவரும்தான் நிறுத்தவில்லை. அதையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

இன்னொரு தடவை கேட்டேன். நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது. அதன்பின் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஊமைக்கோட்டான் இல்லை, என் சொந்தப் பெயர். ஒரே ஒரு தடவை. நாற்காலி நகர்ந்தது. கனமாக ஏதோ தரையில் இறங்கியது.

நான் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று நிமிஷம் என்பது சின்ன நேரம் இல்லை, தம்பி. சுவருக்கு அந்தப் பக்கம் குதிகால் தரையைத் தேய்க்கிற சத்தம் அதில் பாதிக்கு மேல் கேட்டது. நான் பதில் விலை கேட்கவில்லை. கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்தது. 'வாழ்த்துகள்' என்று அவர் கணினி மணியடித்தது. பிறகு ஒரு தம்ளர் தண்ணீரும் மாத்திரையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

டாக்டரிடம் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். அது பொய். மற்றதெல்லாம் உங்களிடம் சொன்னபடிதான். மாத்திரையை ஒளித்தது நான். கூப்பிட்டது கேட்டும் போகாதது நான். நீங்கள் போலீஸ் இல்லை என்று தெரியும். யாரிடம் சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள், நான் மறுக்கமாட்டேன்.

புத்தகம் வந்து சேர்ந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் அந்தச் சிவப்புக் கடலோடு அவர் மேசையில் வைத்தேன். அன்று இரவிலிருந்து என் கைப்பேசி மணியடிக்க ஆரம்பித்தது. உங்களை விட அதிகம் கேட்டுவிட்டார்கள் என்று சொல்கிற அந்த மணி. அணைத்து வைத்தாலும் அடித்தது. பெட்டிக்குள் துணிக்கு அடியில் வைத்தாலும் அடித்தது. அடித்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் குதிகால் தேயும்.

பதில் சொன்னால்தான் நிற்கும் என்று எனக்குப் புரிய நாளாயிற்று. இப்போது அவர் மேசையில் போய் உட்கார்ந்து அவர் விலையைப் போடுகிறேன். எழுந்து அடுப்படிக்கு வந்து என் விலையைப் போடுகிறேன். விரல் என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண்ணைச் சொல்வது அவர். அந்த மாதிரி எண்களெல்லாம் எனக்கு எங்கே தோன்றப்போகிறது? நடந்து நடந்து கால் வீங்கிவிட்டது, பாருங்கள்.

விதிப்படி என் கணக்கை மூட வேண்டுமென்றால் அவருடையதையும் சேர்த்து மூடிவிடுங்கள். ஒன்றை மட்டும் மூடாதீர்கள். எதிரே ஆள் இல்லாமல் அவர் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். ஒரு மனுஷன் தவிக்கும்போது தனியாக விட்டுவிட்டு நிற்கிற பெண் நான் இல்லை, தம்பி.