வரிசையில் சிரித்தவன்

வாளை உறையிலிருந்து உருவுவதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. குனிந்து பார்க்காமல் திரும்பச் செருகுவதுதான் கடினம்.

எங்கள் நெப்ராஸ்கா கல்லூரியில் முதல் இரண்டு வருடம் எல்லாப் பையன்களும் வியாழக்கிழமைதோறும் சீருடை மாட்டி அணிவகுக்க வேண்டும். அதன்பின் தேர்வாகிறவர்கள் மட்டும் அதிகாரிப் பயிற்சியில் தொடரலாம். நான் கடைசி வருடம், மாணவர் கேப்டன். மாட்டுத் தீவனம் பற்றிப் படிக்க வந்த நூறு பேர் என் குரலுக்கு இடமும் வலமும் திரும்பினார்கள். அதை நான் விளையாட்டாக எடுத்துக்கொண்டதில்லை.

கவர்னர் வந்த அன்று என் வாள் உறையைத் தவிர எல்லா இடத்துக்கும் போனது. கடைசியில் கால்சட்டைப் பையைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. முன்வரிசையில் நின்ற லைல் வோண்ட்ரா, என் அறைத்தோழன், சிரித்துவிட்டான். கவர்னரும் சிரித்தார். கவர்னரை நான் குறை சொல்லவில்லை.

"உன் வாளுக்குக் கூச்சம்டா, கேப்டன்," என்றான் லைல் பிற்பாடு. "பெரிய மனுஷனப் பாத்ததும் ஒளிய எடம் தேடுது."

அப்போது கொரியாவில் சண்டை. பயிற்சியில் இடம் கிடைத்தவனைப் படிப்பு முடியும்வரை ராணுவம் கூப்பிடாது. வேதியியலில் சறுக்கி, மாணவர்களுக்கான விலக்கை இழந்திருந்த லைலுக்கு வேறு வழி இல்லை. இடம் தவறினால் சிப்பாயாகப் போகவேண்டியதுதான். பயிற்சிக்கு ஆள் எடுப்பதற்கு முன் மாடிப்படியில் என்னை நிறுத்தினான்.

"அன்னிக்கு சிரிச்சது தப்புதான்டா. கர்னல் கேட்டா என்னப் பத்தி ஒரு வார்த்தை நல்லதா சொல்லு. அப்பாவால தனியா அறுவடை பாக்க முடியாது."

மனசாட்சிப்படி சொல்கிறேன் என்றேன். நன்றி சொன்னான்.

ஆள் எடுக்கும் கர்னல் ஹாஸ்கெட்டுக்கு அவனைப் பிடித்திருந்தது. குறி தவறாமல் சுடுவான். சேர்த்துக்கொள்ளலாம்தானே என்று என்னைக் கேட்டார்.

"நெருக்கடின்னா தடுமாறுவான் சார். சுடுற எடத்துல கை நடுங்குனத நானே பாத்தேன்."

கை நடுங்கவில்லை. ஆனால் வரிசையில் சிரிப்பவன் என்றைக்காவது நடுங்கத்தான் செய்வான். நான் கொஞ்சம் முன்கூட்டிச் சொன்னேன், அவ்வளவுதான்.

அவனை இலையுதிர்காலத்தில் கூப்பிட்டார்கள். குளிர்காலத்தில், பெயர்கூட இல்லாத ஒரு குன்றில், காயம்பட்ட இருவரை இழுத்து வரப்போய்ச் செத்தான். அவன் கை நடுங்கியதாக யாரும் சொல்லவில்லை. இருட்டில் கவனித்திருக்க மாட்டார்கள். எனக்கு அதிகாரிப் பதவி கிடைத்தது. கான்சாஸில் ஒரு போர்வைக் கிடங்கை எதிரி நெருங்காமல் காத்தேன்.

துக்கம் கேட்கச் சீருடையில்தான் போனேன். வோண்ட்ரா அம்மாள் காப்பி ஊற்றி, கசகசாப் பூரணம் வைத்த கொலாச்சி ரொட்டிகளைத் தட்டில் வைத்தார்.

"கடைசியா வந்தப்பவும் உங்க பேச்சுதான் தம்பி," என்றார். "'அவன் எனக்காக எவ்வளவோ பேசிப் பாத்தான்மா, கர்னல்தான் கேக்கலை'ன்னான்."

நான் மறுக்கவில்லை. பெற்றவளுக்கு அந்த ஆறுதலாவது இருக்கட்டும்.

அவனை அந்தக் குன்றுக்கு அனுப்பியது நான் சொன்ன பொய்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் வன்மம் இருந்தது என்று மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள். வன்மம் உள்ளவனுக்கு அந்த வீட்டில் இரண்டாவது கொலாச்சி தொண்டையில் இறங்கியிருக்குமா?