அதிதூதருக்கு அடித்த ஆணி

பொறுமையே உருவான தலைவர் அவர்களே! தெளிக்காத தண்ணீரால் ஓர் உயிரைக் காத்த அருள்தந்தை அவர்களே! மூன்று மாடி வீட்டையும் முதுகில் சுமக்கும் தாய்மார்களே! மோபா என்றதும் கூலி கேட்காமல் கூடிவந்து வீடு கட்டித்தரும் உறவுகளே! வணக்கம்.

நம் ரதோயேவின் புது வீட்டுக்கு ஒயர் இழுத்தபோது அவன் மச்சான் மிலுதின் என்னைக் கேட்ட கேள்வி, இன்னும் என் காதில் ரீங்கரிக்கிறது.

"வாத்தியாரே, பூச்சு பூசிட்டா, உள்ள ஒயரு எப்படிப் போவுதுன்னு யாருக்குத் தெரியப்போவுது?"

யாருக்குத் தெரியும்? தந்தைக்குத் தெரியுமா? தாய்க்குத் தெரியுமா? நான் சொன்னேன்: "சுவிட்சிலிருந்து ஒயர் நேர்மேலே ஏறட்டும், இல்லை நேராகப் பக்கவாட்டில் போகட்டும். சதுரங்கக் கோட்டை மாதிரி. மந்திரி மாதிரி மூலைக்கு மூலை பாயவே கூடாது."

"சதுரங்கத்துல எவனாச்சும் வீடு கட்டுவானா? மச்சான், குறுக்கால இழு, ஒயரு மிச்சம்! ஆட்டுக்கறி ஆறுது, வாங்க வாத்தியாரே!" என்றான் ரதோயே.

இழுத்தார்கள். கலவை இயந்திரம் ஓடும்போதெல்லாம் விழுகிறதே என்று, மின்கசிவில் தானாக அணையும் சுவிட்சையும் கழற்றி, நேராக முடிச்சுப் போட்டார்கள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். கொஞ்ச நேரம்தான்.

குடும்பப் புனிதரின் திருநாள் நெருங்கியது. நீர் மந்திரிக்க அருள்தந்தை வந்துவிட்டார். துளசிக் கொத்து தயார், மெழுகுவர்த்தி தயார். அதிதூதர் மிக்கேலின் படம் மட்டும் தரையில்!

"சாமி, ஒரு நிமிசம். ஆணி அடிச்சிடுறேன்" என்று அலுமினிய ஏணியில் ஏறினான் ரதோயே. கிழக்குச் சுவர். புனிதர் படத்துக்கு நம் வழக்கப்படி வேறு எந்தச் சுவர்? ஓர் அடி. இன்னோர் அடி. மூன்றாவது அடியில், குறுக்கே போன ஒயரிலேயே இறங்கியது ஆணி... ஐயகோ! ஆணியைப் பிடித்த கை ஆணியோடு ஒட்டிக்கொண்டது. வாய் திறந்தது, குரல் வரவில்லை. ஏணி நடுங்கியது.

அருள்தந்தை என்ன செய்தார்? பேய் பிடித்ததென்று எண்ணித் துளசியை நீரில் நனைத்து, ஓங்கினார்!

"ஐயோ சாமி, தண்ணி வேணாம்! கையக் கீழ போடுங்க!"

அலறியவள் அவன் மனைவி ஸ்மில்யா. அலறியபடியே மர நாற்காலியைத் தூக்கி ஏணியின் காலில் ஓங்கி அடித்தாள். ஏணி சரிந்தது. ஆள் விழுந்தான். தோள் முறிந்தது. உயிர் திரும்பியது!

என்ன மிலுதின், அங்கிருந்து என்ன சொல்கிறாய்? "அதிதூதர்தான் காப்பாத்துனாரு" என்கிறாயா? இருக்கட்டும் அப்பா. ஆனால் அவர் வாளோடுதான் நிற்கிறார், டெஸ்டரோடு அல்ல! நாற்காலி பிடித்தது உன் தங்கைதான்.

யாருக்குத் தெரியும் என்று கேட்டாயே? ஆணிக்குத் தெரிந்தது! அன்பர்களே, சுவர் மறைக்கும், மன்னிக்காது! நம் ஊரில் இந்த ஆண்டு பூச்சுக்குக் காத்திருக்கும் வீடுகள் எத்தனை? கிழக்குச் சுவர்கள் எத்தனை?

அமைதியாய்க் கேட்டதற்கு நன்றி. கட்டுத்தோளோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ரதோயேவுக்கும், அவனை இன்னும் திட்டிக்கொண்டிருக்கும் ஸ்மில்யாவுக்கும், உங்கள் எல்லோருக்கும் என் திருநாள் வாழ்த்து.

வீட்டுக்குப் போனதும் ஒன்று செய்யுங்கள்: பூச்சுப் பூசாத சுவர் இருந்தால், ஒயர் தெரியும்போதே அதைப் படம் எடுத்து வையுங்கள்.