முதல் எட்டுப் பேர்

ஊசி போடும்போது மயங்கி விழுகிறவனை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் ஐயா. நான்காம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் புது மருந்தைச் சோதிக்கும் இடத்துக்குப் பன்னிரண்டு வருடமாக ஆள் சேர்த்துவிடுகிறேன்.

அங்கே முதலில் எட்டுப் பேருக்குக் கொஞ்சமாகக் கொடுப்பார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அடுத்த எட்டுப் பேருக்கு இரண்டு மடங்கு. தலைவலி என்று எவனாவது வாயைத் திறந்தால் சோதனையை நிறுத்தி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்; அவர்களுக்கும் பணம் இல்லை, எனக்கும் கமிஷன் இல்லை. அதனால் நர்ஸ் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்லப் பழக்கியிருந்தேன்.

இந்த முறை முதல் எட்டில் இருந்த பெயின்டர், "அண்ணே, காதுக்குள்ள வண்டு கத்துது" என்றான்.

"வண்டு கத்தட்டும். நீ கத்தாத" என்றேன். சிரித்தான். இன்னும் இரண்டு பேருக்குக் கால் மரத்துப்போனது. மூன்று பேரும் நர்ஸிடம் நன்றாக இருக்கிறோம் என்றார்கள். அளவு இரண்டு மடங்கானது.

அப்போதுதான் என் மருமகன் வந்து நின்றான். வேலை போய் எட்டு மாதம். "மாமா, பிள்ளைங்க மூஞ்சியப் பாக்க முடியல. எதுலயாவது தள்ளிவிடுங்க." இரண்டாவது எட்டில் சேர்த்தேன். வண்டு விஷயம் நினைவில் இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

மூன்றாம் நாள் போன் செய்தான். "மாமா, காது இரையுது, கால் தரையில பாவல. டாக்டர்கிட்ட சொல்லிடவா?"

"எல்லாருக்கும் வர்றதுதான் மாப்ள. இன்னும் ஒரு நாள் பல்லைக் கடிச்சுக்க."

மறுநாள் காலையில் வலிப்பு வந்தது. டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "பெரியவரே, முதல் எட்டுல யாருக்காவது ஏதாவது இருந்துச்சா? தெரிஞ்சா காப்பாத்திடலாம்."

இல்லை என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "சின்ன வயசுல இவனுக்கு வலிப்பு இருந்திருக்கும் போல" என்றும் சேர்த்துச் சொன்னேன். அதைப் பிடித்துக்கொண்டு, மருந்தைச் சந்தேகிக்காமல், தலையைப் படம் எடுக்கக் கொண்டுபோனார்கள். மதியம் இறந்துவிட்டான். கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

நோயை மறைத்து என்னைக் கட்டிக்கொண்டானே பாவி என்று என் மகள் இன்றும் அவனைத் திட்டி அழுகிறாள். திட்டினால் துக்கம் குறையும் என்றுதான், பெற்றவன் மனசு, நான் வாயைத் திறக்கவில்லை.