கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

— பாடகியம்மா, ஹெட்போன்ல என் குரல் கேக்குதா?

— நல்லா கேக்குது, சவுண்டு சார். எத்தனை பாட்டு பாழாச்சு?

— கடைசிப் பாட்டு ஒண்ணுதான். படம் பளிச்சுன்னு இருக்கு. ஒலிநாடாவைத்தான் பூஞ்சை தின்னுடுச்சு.

— ஒரு வாரம்கூட ஓடாத படம். இப்ப யாரு பாக்கப் போறா?

— இந்தப் படத்தோட மூல நாவலைப் படிச்சு உருகினவங்க, “காதலிக்கச் சொன்னா பாடிக்கிட்டே இருக்கா”ன்னு அப்ப திட்டினாங்க. அவங்க பிள்ளைங்க இப்ப தேடிப் பிடிச்சுக் கேக்குறாங்க. நாளைக்குத் திரையிடணும். இந்தப் பாட்டு இல்லேன்னா முடிவே இல்லை.

— என் குரல் தடிச்சுப் போச்சே.

— கல்யாணம் வேணாம் வேணாம்னு இருந்த கதாநாயகி, தலை நரைச்சப்புறம் சரின்னு சொல்ற இடம். உன் குரல் இப்பதான் அதுக்குப் பொருத்தம்.

— வாய் மட்டும் குறையலை. வீட்ல எல்லாரும் சௌக்கியமா?

— நானும் ஒரு பூனையும். பூனை சௌக்கியம்.

— ஐயோ... எனக்குத் தெரியாது. மன்னிச்சுக்குங்க.

— எதுக்கு மன்னிப்பு? ஓட்டுறேன், வாயசைவைப் பாத்துப் பாடு.

— “சம்மதம் சொல்லத்தான் வந்தேன்...”

— நிறுத்து, நிறுத்து. ‘சம்மதம்’ பாதியில நடிகை வாயை மூடுறாங்க பாரு. நீ நிக்காமப் போயிட்டே.

— அவ என்ன பண்ணுவா? முதல்ல பதிவு பண்ணின அன்னிக்கு நான் அங்க நின்னு மூச்சு வாங்கிட்டேன். அதைக் கேட்டுத்தானே அவ வாயசைச்சா.

— உனக்கு அந்த வரி ஒரே மூச்சாச்சே. அன்னிக்கு என்ன வந்துச்சு?

— விடுங்க.

— எப்படி விடுறது? பாட்டு முடிஞ்சதும் பதில் சொல்றேன்னவ நீ. முடிஞ்சதும் குடையைக்கூட எடுக்காம ஓடிட்டே. கல்யாணம் பண்ணிக்கலாமான்னுதானே கேட்டேன், கடிச்சா வச்சேன்?

— கேட்டுட்டு, நான் பாடிட்டு இருக்கிறப்பவே எல்லாருக்கும் கல்யாணப் பத்திரிகை நீட்டினீங்களே! அவங்க உங்க முதுகைத் தட்டினாங்க, நீங்க சிரிச்சீங்க. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தேன். உங்க வீட்ல வேற பொண்ணை முடிச்சுட்டாங்கன்னு நொறுங்கிப் போயிட்டேன்.

— ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?

— என் காதுல வாத்தியம் மட்டும்தான். பேசுற பட்டன் உங்க பக்கம்தானே? நீங்க அழுத்தவே இல்லை.

— பாட்டு நடுவுல அழுத்தினா டேக் கெட்டுடும்னு விட்டேன்மா. அது என் தம்பி கல்யாணப் பத்திரிகை.