நான்காவது ஊசி

ரத்தம் எடுக்க எனக்கு ஒரு குத்துதான் ஆகும். நரம்பு அகப்படாத நோயாளி வந்தால் மருத்துவமனையில் என்னைத்தான் தேடுவார்கள்.

புதுக்கோட்டையில் தசைப் புற்றுநோய் முற்றியவர்களுக்கு ஒரு புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தோம். மூன்று வாரத்துக்கு ஓர் ஊசி, மொத்தம் ஆறு. ஒவ்வொரு ஊசிக்கும் முந்தின நாளே ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். கிருமியைத் தடுக்கும் வெள்ளணு குறைந்திருந்தால் ஊசி தள்ளிப்போகும். இரண்டு முறை தள்ளிப்போனால் ஆளைச் சோதனையிலிருந்து நீக்கிவிடுவார்கள். இரண்டு வருடத்தில் ஏழு பேரைச் சேர்த்தேன். ஒருவரும் மூன்றாவது ஊசியைத் தாண்டவில்லை. விதி எழுதியவர்கள் யாரும் அந்த நீக்கல் கடிதத்தை ஒருவர் கையில் கொடுத்ததில்லை. ஏழு முறையும் நான் கொடுத்தேன்.

எட்டாவது ஆள் இன்னாசி. கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக்காடு வைத்திருந்தவர். மூன்று ஊசியில் அவருடைய தொடைக்கட்டி பாதியாகியிருந்தது. மருந்து வேலை செய்வதை முதன்முதலாக என் விரலால் தொட்டுப் பார்த்தேன். பிறகு வெள்ளணு சரிந்தது. நான்காவது ஊசி ஒருமுறை தள்ளிப்போனது.

அடுத்த வாரம் சட்டைக் கையை மடித்துக்கொண்டே, "இந்த வாட்டியும் திருப்பி அனுப்பிச்சீங்கன்னா, சிஸ்டர், பஸ்காரன் எனக்குப் பாஸ் போட்டுக் குடுத்துருவான்" என்றார்.

"சும்மா இருங்க. அவுக என்ன செய்வாக" என்றார் அவர் மனைவி ராசாத்தி.

அவர் வாய் முழுக்கப் புண். எண்ணிக்கை என்ன வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் போன பிறகு, அவர் ரத்தம் இருந்த குழாயைக் குப்பையில் போட்டேன். என் இடது கையில் குத்தி இன்னொரு குழாயை நிரப்பி, அவர் பெயரை ஒட்டினேன். மறுநாள் முழு அளவு மருந்து ஏறியது.

எட்டாம் நாள் ராசாத்தி போன் செய்தார். "ஒடம்பு அனலாக் கொதிக்குது, சிஸ்டர். அங்கிட்டுக் கூட்டியாரவா?"

வந்தால் ரத்தம் எடுப்பார்கள். வேறு யாராவது எடுப்பார்கள்.

"வேணாங்க. இந்த மருந்துக்கு அப்படித்தான் காயும். பாராசிட்டமால் குடுத்துப் படுக்க வைங்க."

மறுநாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் போன் வரவில்லை.

காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் வர வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள் கொடுப்போம். அதைப் படித்துவிட்டுத்தான் ராசாத்தி கூப்பிட்டார். அந்தத் தாளை எழுதியது நான்.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. கட்டி பாதியானதையும் சேர்த்து எழுதுங்கள். என்னிடம் வந்த எட்டுப் பேரில் நான் கைவிடாதவர் அவர் ஒருவர்தான்.